ஏழு ரொட்டியும் ஒரு பிளக் பாயிண்டும்

புது மின்னடுப்பைக் கொண்டுவந்த இரண்டு தடியன்களும் பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போன பிறகுதான் பார்த்தேன், புதியதற்கு வயரும் இல்லை, பிளக்கும் இல்லை. கடைக்குப் போன் போட்டால், "அது தனியா வாங்கணும்மா, நம்ம கரகண்டா ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே" என்கிறாள் ஒருத்தி.

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்று வெள்ளிக்கிழமை, என் வீட்டுக்காரர் தோலெகென் போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது, அவர் பேருக்கு ஏழு ஷெல்பெக் ரொட்டி பொரிக்க வேண்டும் என்பதுதான். எண்ணெய் வாசம் அவர் வாழ்ந்த வீட்டில் எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் வீடு தேடி வருகிற ஆன்மா வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

வயர் வாங்கிவந்தேன். எலெக்ட்ரீஷியன் சகிந்திக்கைக் கூப்பிட்டேன். அவன் சுவரிலிருந்த பழைய பிளக் பாயிண்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மாட்ட மாட்டேன்மா."

"ஏம்பா, அதுக்குத்தானே வந்தே?"

"இதுல எர்த்தே கிடையாது. எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால முடிச்சுப் போட்டிருக்கு. எங்கயாச்சும் நியூட்ரல் அறுந்துச்சுன்னா அடுப்பு பூரா கரண்டு. தொட்டீங்கன்னா ஆளே இல்ல."

"இத்தனை வருஷம் தொட்டுட்டுத்தானே இருந்தேன்?"

"அதான் எனக்கும் புரியல."

மெயினையும் இறக்கிவிட்டான். படிக்கட்டில் இருக்கிற மீட்டர்ப் பெட்டியிலிருந்து புது வயர் இழுக்க வேண்டுமாம், திங்கட்கிழமை வருவானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர் திங்கட்கிழமை வரைக்கும் வாசலில் நிற்பாரா?

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ரௌஷான் வந்தாள். "என் அடுப்புல பொரிச்சுக்கோயேன், கூலாஷ்."

"அவருக்கு உன் வீட்டுல என்னடி வேலை?"

ரௌஷான் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சகிந்திக் அந்தக் கம்பியைக் குறட்டால் பிடுங்கிக் காட்டினான். "எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலைம்மா இது?"

முப்பது வருடம் ஒரு எலெக்ட்ரீஷியனை இந்த வீட்டுக்குள் விட்டதில்லை அவர். 'நான் இருக்கேன்ல' என்பார்.

"அந்தப் புண்ணியவானுக்குத்தான்பா ரொட்டி" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் கம்பியை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பிசைந்து வைத்திருந்த மாவை எடுத்துக்கொண்டு ரௌஷான் முன்னால் போனாள். நான் அவள் வீட்டுக் கதவையும் என் வீட்டுக் கதவையும் அகலத் திறந்துவைத்தேன்.

"வாசம் எதிர்வீட்டுலேர்ந்துதான் வரும், கோச்சுக்காதீங்க" என்று ஆளில்லாத சமையலறையைப் பார்த்துச் சொன்னேன். "செஞ்சு வெச்சது நீங்கதானே."