ஊர் கேட்காத பிள்ளை

தேவகிக்கு நாற்பது வயது நெருங்கும்போது நாள் தள்ளிப்போனது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் அவள் சூப்பர்வைசர். மாதவிலக்கு நிற்கும் காலம் வந்துவிட்டது போல என்றுதான் முதலில் நினைத்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "வயசு கொஞ்சம் ஜாஸ்தி. கவனமா இருந்தா பெத்துக்கலாம். வீட்ல பேசிட்டு சொல்லுங்க" என்றார்.

கணவன் அன்பரசன் அதே கம்பெனியில் பஸ் ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப் பித்தானைக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"நிஷா காலேஜ் போறா. இப்போ நமக்கு எதுக்கு தேவகி?"

கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டான்.

கூடத்தில் இருந்த மாமனார் பச்சையப்பன் காதிலும் அது விழுந்தது. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றே வயதைக் கழித்தவர். எட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அதான் ஒன்னு இருக்குதே. இன்னொன்னால இன்னா பிரயோஜனம்?" என்றார்.

"நீங்க எட்டு பெத்தீங்களே மாமா?"

"அப்போ வேறம்மா. ஒவ்வொன்னும் ரெண்டு கை. மூத்தவன் ஏழாவதோட நின்னு என்கூட தொட்டில எறங்கனான். ரெண்டு தங்கல. மிச்சம் இருக்கறதுல ஒன்னாவது கடைசில கஞ்சி ஊத்துமேன்னு ஒரு நெனப்பு."

இன்னொன்று எதற்கு என்று தேவகிக்கே இன்னும் தெரியவில்லை.

வேலூரில் காலேஜ் போய்வரும் நிஷா, விஷயம் தெரிந்ததும் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் வந்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஃப்ரெண்ட்ஸ்லாம் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்."

"சரி, என்னை எதுக்குப் பெத்த?"

ஏதாவது இனிப்பாகச் சொல்லியிருக்கலாம். தேவகிக்கு வரவில்லை.

"கல்யாணம் ஆயி ஒரு வருஷம் ஆச்சு. வீட்ல, கம்பெனில, பஸ்ல, பாக்கறவங்க எல்லாம் விசேஷம் இல்லையான்னு கேட்டாங்க. பேஜாரா போச்சு. அதான்."

நிஷா அம்மாவை முறைத்தாள். "ஊர் வாய அடைக்கவா என்னப் பெத்த?" என்றவள், சட்டென்று சிரித்துவிட்டாள். தேவகியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ மொதல்ல நடந்தத நான் பாக்கல நிஷா. அன்னிக்கு ஓவர்டைம். வூட்டுக்கு வந்தா, 'உன் பொண்ணு நடந்துட்டாடி'ன்னு பக்கத்து வூட்டு அம்பரீன் அக்கா சொல்றாங்க. நீ தூங்கிட்டிருந்த. இந்தத் தடவ நான் கூட இருக்கணும், பாக்கணும். வேற காரணம் ஒன்னும் இல்ல."

நிஷா ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அன்று சாப்பிடும்போது, "அப்பா, எனக்கு ஓகே. ஆனா ராத்திரி அழுதா நீங்கதான் தூக்கணும்" என்றாள்.

அன்பரசன் மனைவியைப் பார்த்தான். "உனக்கு ஆசையா இருக்குதா?"

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஆமா."

"அப்போ சரி. பாத்துக்கலாம்."

சுலபமாக இல்லை. பிரஷர் ஏறியது. உப்பில்லாத சோற்றைத் தின்று படுத்தே கிடந்தாள். குறித்த தேதிக்கு முன்னாலேயே வேலூரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை கம்மி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதை அன்பரசன் வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். எடை ஏறியதும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாரதி என்று பெயர் வைத்தவள் நிஷா. பச்சையப்பன், "பொண்ணா" என்றதோடு சரி.

தேவகியின் பிரசவ லீவு முடியப்போகும் சமயம். ஒரு மதியம் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மாமனாரின் சத்தம் கேட்டது.

"தேவகி! ஓடியா, ஓடியா!"

பதறிக்கொண்டு ஓடினாள். பாயில் பாரதி குப்புறக் கிடந்தாள். ஒரு கை அடியில் மாட்டியிருந்தது. எச்சில் ஒழுக, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"தானாவே கவுந்துகிச்சு. எல்லாக் கொழந்தையும் இப்டித்தான் பண்ணுமா?" என்று கேட்டார் எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர்.

"ஆமா மாமா."

"நான் ஒன்னுத்தையும் பாத்ததில்லம்மா."

மாட்டிய கையை மெல்ல எடுத்துவிட்டு, குழந்தையை மல்லாக்கப் போட்டார். மறுபடியும் கவிழுமா என்று காத்திருந்தார். தேவகியும் ஈரக் கையோடு பாயில் உட்கார்ந்தாள்.