சட்டைக்காரி போட்ட முடிச்சு

“சட்டை போட்ட கையி என் தங்கச்சி மக கழுத்துக்கிட்ட வரக்கூடாதுன்னா வரக்கூடாது!”

“வரும். வந்துதான் தீரும்!”

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். 1998 ஆவணியில், கோவில்பட்டிக் கல்யாண மண்டபம் ஒன்றில், தாலி கட்டக் கால்மணி நேரம் இருக்கையில் நடந்த கூத்து இது. முதலில் கத்தியவள் பெண்ணின் பெரியம்மா, நாகலாபுரத்து சுப்புத்தாய். பதிலுக்குக் கத்தியவள் மாப்பிள்ளை மணிகண்டபிரபுவின் அக்கா இசக்கிச்செல்வி. முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். நாத்தனாரோ கிராப்புத் தலையும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் பேண்டுமாக நின்றாள். காதில் மட்டும் ஜிமிக்கி.

தீப்பெட்டி ஆபீஸில் லாரிக்கு லோடு கட்டுகிறவள் அவள். அவள் கயிறு போட்ட லோடு நாக்பூர் போனாலும் நலுங்காது.

சுப்புத்தாயின் கோபத்துக்குச் சட்டை மட்டும் காரணமில்லை என்பது தெருவுக்கே தெரியும். வீடு பார்க்க வந்த அன்று லாரி மேல் நின்றவளைக் காட்டி, “மாப்பிள்ளைக்குத் தம்பியா? மீசைதான் அரும்பல. நம்ம முத்துத்தாய்க்குக் கேளுங்களேன்” என்று தன் மகளுக்காகத் தரகரிடம் சொல்லிவிட்டாள். தரகர் சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

“சேலை கட்டிட்டு வரட்டும். இல்லைன்னா வேற பொம்பளை போடட்டும்!”

இசக்கிச்செல்வி தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவன் கல்யாணத்தில் அவள் ஆசைப்பட்டது அந்த இரண்டு முடிச்சுக்கு மட்டும்தான். உள்ளறையில் யாரோ சேலையொன்றை எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“அத்தே, மிளகாய் பறிக்கப் போகையில சேலைக்கு மேல என்னத்தப் போடுதீங்க?”

“வெயிலுக்குச் சட்டைதான்.”

“யாரு சட்டை?”

“எங்க வீட்டு அவிய சட்டை.”

“அப்ப ஆம்பளை சட்டையப் போடுதது நீங்க. இது எனக்குன்னு அளவெடுத்துத் தச்சது. பொம்பளை சட்டை!”

காட்டு வேலைக்குப் புருசன் சட்டை போடாத பெண் அந்த மண்டபத்தில் யார்? சிரிப்பு அடங்க நேரமானது. மணப்பெண் சந்தனமாரி தலையை நிமிர்த்தி, “மதினி, நேரமாகுது. வாங்க” என்றாள்.

இரண்டாம் முடிச்சை இழுக்கும்போது மட்டும் முனகினாள். “மெதுவா மதினி! லோடு இல்ல, கழுத்து.”

மூன்று வருடம் கழித்து முத்துத்தாய்க்குக் குளத்தூர் உப்பளத்து யோகராஜ் அமைந்தான். உடன்பிறந்த பெண் இல்லாதவன். சுப்புத்தாயே கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வந்தாள்.

“ஏட்டி இசக்கி, உன் தம்பிக்குச் சகலைன்னா உனக்கும் தம்பிதான? நீதான் முடிச்சுப் போடணும்.”

“சேலையா, சட்டையா அத்தே?”

“உன் சட்டையவே போட்டுட்டு வா, தாயி.”

முத்துத்தாய் குளத்தூருக்கு வாழப் போனாள். மணிகண்டபிரபுவும் சந்தனமாரியும் திருப்பூருக்குக் குடிபோனார்கள். இசக்கிச்செல்வி கல்யாணமும் பண்ணவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை. லாரி உச்சியில் நின்று கயிற்றை இழுக்கிறாள், ஜிமிக்கி ஆடுகிறது.