சாம்பாருக்கு உப்பு சொல்கிறவள்

எங்கள் ஊரில் தாலி கட்டி முடித்ததும் ருசி மாறிவிடும். கணவன் சாப்பிடுவது மனைவியின் நாக்கில் தெரியும், மனைவி சாப்பிடுவது கணவனின் நாக்கில். அதனால் யாரும் பெரிதாகக் கஷ்டப்படுவதில்லை. எனக்குப் பாகற்காய் பிடிக்காது, என் மனைவியும் எனக்காக அதைத் தொடுவதில்லை.

நான் கல்யாணச் சமையல் மாஸ்டர். என் மனைவி காளீஸ்வரி தாலுகா ஆபீசில் உதவியாளர். மண்டபத்தில் நான் ஒரு கரண்டி சாம்பாரை வாயில் விட்டால், அவள் ஆபீசிலிருந்து போனில் சொல்லுவாள்: "உப்பு ஒரு கை போடுங்க, புளி போதும்." கல்யாணமாகாதவர்களை நான் சமையலுக்குச் சேர்ப்பதில்லை. தன் நாக்கைத் தானே நம்புகிறவனுக்குத் திமிர் வந்துவிடும்.

அன்று எண்ணூறு பேருக்குச் சமையல். அன்றைக்குத்தான் காளீஸ்வரிக்கு இலாகாத் தேர்வும். இரண்டு முறை கோட்டைவிட்டவள். இந்த முறையும் போனால் பதவி உயர்வு போயே போய்விடும். தேர்வு அறையில் போன் கூடாது. அதனால் பேசிவைத்துக்கொண்டோம். உப்புப் போதாவிட்டால் அவள் மணிக்கட்டு வேர்வையை நக்குவாள், சரியாக இருந்தால் பென்சிலைக் கடிப்பாள்.

பதினொரு மணிக்கு ஒரு கரண்டி குடித்தேன். என் நாக்கில் உப்புக் கரித்தது. இரண்டு கை போட்டேன். மறுபடி குடித்தேன். இன்னும் கரித்தது. இன்னும் மூன்று கை போட்டேன். மூன்றாம் தடவையும் அதேதான். எனக்கே கொஞ்சம் எரிச்சல் வந்தது. மிச்சமிருந்த பொட்டலத்தை அப்படியே கொட்டினேன்.

என்னுடன் வேலை செய்யும் இருளப்பன் அண்ணன் ஒரு சொட்டைத் தொட்டு வாயில் வைத்தார். உடனே வீட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்தார். "என்னய்யா, கடல் தண்ணியவா குடிக்கிற?"

அப்போதுதான் உறைத்தது. காளீஸ்வரி வேர்வையை நக்கவில்லை. அழுதுகொண்டிருக்கிறாள். பாவி, நான் அதையும் சாம்பாரில் போட்டுக் கலக்கியிருக்கிறேன்.

"சாம்பாரு என்னாகுறது மாஸ்டரே?" என்றார் அண்ணன்.

"பருப்பு வேகவைங்கண்ணே. நான் இப்ப வந்துர்றேன்."

இனிப்பு அறைக்கு ஓடி ஜாங்கிரித் தட்டின் முன் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை, நனைந்த கயிற்றை மெல்லுவது போல இருந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினேன். நாலாவதில் உப்பு குறைந்தது. ஆறாவதில் என் நாக்கில் பென்சில் மரம் தட்டுப்பட்டது.

பந்தி ஒரு மணி நேரம் தாமதம். பெண் வீட்டார் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சிரித்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் காளீஸ்வரி சொன்னாள்: "நாலாவது ஜாங்கிரியிலதாங்க பதிலு ஞாபகம் வந்துச்சு. அஞ்சும் ஆறும் எதுக்கு? திகட்டிருச்சு."

பிறகு ரிசல்ட் வந்தது, பாஸாகிவிட்டாள். பதவி உயர்வோடு பரமக்குடிக்கு மாற்றல். எங்கள் ஊரில் மாற்றலும் தவணை தவணையாகத்தான் நடக்கும். காதுகள் இரண்டும் உடனே பணியில் சேர வேண்டும், மற்ற உறுப்புகள் ஜூன் முதல் தேதி வந்தால் போதும் என்று ஆணையில் இருந்தது. திங்கட்கிழமை காலை காதுகளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவைத்தோம். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்க, பரமக்குடிக்குப் போன் செய்கிறேன்.