பல் லேபுக்கு ஒரு கேட்வே

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தப் பல் லேபில், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இன்டர்நெட் படுத்துவிடும். முழுதாகப் போய்த் தொலைந்தாலாவது மனசைத் தேற்றிக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். இது போகவும் போகாது, இருக்கவும் இருக்காது. டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்பும் படம் பாதியில் நிற்கும். அந்தப் படம் வந்தால்தான் பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பைத் திரையில் வரைய முடியும், வரைந்தால்தான் மெஷினில் கடைந்தெடுக்க முடியும். லேபின் போனும் அதே இணைப்பில்தான் ஓடியது. அதனால் கோபமாகக் கூப்பிடும் டாக்டரின் குரல்கூடத் துண்டுதுண்டாக வந்து, திட்டினாரா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

லேபை நடத்துகிறவளை எல்லோரும் அக்கா என்றார்கள். மாவுக்கட்டு அச்சு எடுக்கிறவர் அவளைவிட வயதில் மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளைப் பிறப்பால் அக்கா என்று கூப்பிடும் உரிமை ஒருவனுக்குத்தான் இருந்தது. கம்ப்யூட்டர்கள், பில்கள், பூட்டு சாவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட அவள் தம்பி.

தம்பி கெட்டவன் இல்லை, பயந்தவன். பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்த இன்னொரு லேபில் வைரஸ் புகுந்து, கம்ப்யூட்டர்களில் இருந்த அத்தனை படங்களையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டது. அந்த முதலாளி வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்ததை இவன் நேரில் பார்த்தான். அன்றிலிருந்து, நம் ஆபீசுக்குள் என்ன வருகிறது, யார் எதைத் திறக்கிறார்கள் என்று தெரியாமல் அவனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

எனவே, இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் லைன் கொடுத்தபோது சும்மா கொடுத்த பெட்டியைத் தூக்கி ஓரம் கட்டிவிட்டு, ஆபீசுக்கென்று ஒழுங்கான ஒரு கேட்வே வாங்குவது என்று முடிவானது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் வாசல் மாதிரி நிற்கும் பெட்டி அது. போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். நெட்வொர்க் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்து இரண்டு பெட்டிகளைக் காட்டினாள். கறுப்புப் பெட்டி பெரியது. யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று ஆள் வாரியாகக் காட்டும், வேண்டாததை ஒரு க்ளிக்கில் நிறுத்தும். வெள்ளைப் பெட்டி சின்னது. அது அவ்வளவு தூரம் மூக்கை நுழைக்காது. எது வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி கறுப்பைக் கை காட்டிவிட்டான். சோதனைக்காகச் சில நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று மாட்டிவிட்டுப் போனாள்.

நெட்டை இழுப்பது யார் என்று தம்பி தேடிய ஆள் சீக்கிரமே கிடைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து கேப் வரைகிறவர். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார் என்பதால் அவருக்கு ஆபீசில் சாமியார் என்று பெயர். அவருடைய திரையின் மூலையில் எப்போதும் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்திருக்கும். யாராவது பின்னால் வந்தால் சட்டென்று மறைத்துவிடுவார். தம்பிக்கு ரொம்ப நாளாகவே அதில் ஒரு கண். இப்போது கறுப்புப் பெட்டி சொன்னது: அவர் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கேமராவின் வீடியோ நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவன் அதைச் சொல்ல வந்த நேரத்தில் அக்கா போனில் இருந்தாள். முன்பல் உடைந்து, மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அழுகிற ஒரு பெண்ணுக்கான படம் வந்து சேரவில்லை என்று டாக்டர் அந்தப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சாமியார் வீடியோ பார்த்துக்கிட்டே இருக்கார்க்கா. நெட்டை இழுக்கிறது அவர்தான். நிறுத்திடட்டுமா?"

என்னவோ செய் என்கிற மாதிரி அவள் கையை அசைத்தாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

சாமியாரின் திரையில் அந்தச் சின்ன ஜன்னல் கறுத்துப்போனது. அவர் மூடித் திறந்து பார்த்தார். மறுபடி மூடித் திறந்தார். தன் பழைய பட்டன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். அங்கே எடுக்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு, பாதி வரைந்த பல்லைச் சேமிக்காமல், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார். அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவர் தள்ளிவிட்ட நாற்காலி சுவரில் மோதி நின்றது.

"மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் ஓடிட்டார்" என்றான் தம்பி. ஆனால் சொல்லும்போதே அவன் குரலில் சுருதி இறங்கிவிட்டது.

அவர் போன பிறகும் இன்டர்நெட் வழக்கம்போலப் படுத்தது. கல்யாணப் பெண்ணின் படம் முக்கால்வாசியில் நின்று, மணலில் மாட்டிய வண்டி மாதிரி நகராமல் கிடந்தது. அக்கா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். கடைசியில் அவனே பைக்கை எடுத்துக்கொண்டு க்ளினிக்குக்குப் போய், படத்தைப் பென்டிரைவில் வாங்கி வந்தான். மாவுக்கட்டுக்காரர் இடையில் கற்றுவைத்திருந்த அரைகுறை வரைதலை வைத்து, டாக்டரிடம் போனிலேயே கேட்டுக் கேட்டு, அந்தப் பல்லை ஒருவழியாகச் செய்து அனுப்பினார்கள்.

சாமியாருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் அக்கா ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்கே போனாள். போகிற வழியெல்லாம், தான் அசைத்த அந்தக் கை அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. வீட்டில் என்ன ஆகியிருக்குமோ என்று வண்டியை வேகமாக விட்டாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. நன்றாகத்தான் இருந்தாள். ஈரத் துணி ஒன்று தோளில் கிடந்தது. இடது முன்கையில் முழங்கை வரைக்கும் பழைய தீக்காயம் தோலைச் சுருக்கியிருந்தது. உள்ளே, சமையலறை வாசலில் செய்தித்தாள் விரித்து, சாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு சின்னக் கேமரா, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டபடி. கண்ணாடிச் சில்லு ஒரு பக்கம், திருகாணிகள் ஒரு மூடியில். பல்லின் பள்ளம் மேட்டையெல்லாம் அவ்வளவு பொறுமையாக வரைகிற கை, ஒரு கம்பியைத் திரும்பத் திரும்பத் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"திடீர்னு நின்னுபோச்சுக்கா" என்றார், தலை தூக்காமலே. "ராசியான கேமரா. எதுவும் ஆனதே இல்லை. சொல்லாம வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. இவ மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்கா. போனை எடுத்துக்கிட்டுப் போகல."

அக்கா அவர் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"கேமரா கெட்டுப்போகலை. நாங்கதான் ஆபீஸ்ல நிறுத்தினோம்."

அவர் கை அப்படியே நின்றது. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார். பிரித்துப் போட்டதையெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆபீஸ் நேரத்துல பார்த்தது தப்புதான். சொல்லியிருந்தா நானே மூடியிருப்பேன்."

"நீங்க மூடியிருந்தா நான் அடுப்பைத் தொட்டிருக்க மாட்டேன்" என்றாள் மனைவி.

அவள்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து, எங்கிருந்தோ வந்த மாதிரி வலிப்பு வந்தது. ஒருநாள் அடுப்புக்கு எதிரிலேயே விழுந்தாள். கை வெந்தது அப்போதுதான். மாத்திரையில் இப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஆனால் அவள் மாமியாரும் சொந்த அம்மாவும் சேர்ந்துகொண்டு, இனி நீ சமையலறைப் பக்கமே வரக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டார்கள். கத்தியைத் தொடாதே, தண்ணீர் சுட வைக்காதே, தனியாக இருக்காதே. பகலெல்லாம் யாராவது ஒரு சொந்தக்காரர் வந்து உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் பைத்தியம் பிடித்துவிடும் போல ஆனது. அப்போது கேமரா வாங்கலாம் என்று யோசனை சொன்னது அவள்தான். எல்லோரும் வீட்டுக்குப் போங்கள், என் வீட்டுக்காரர் ஒருத்தர் பார்த்தால் போதும் என்று சொல்லி, சமையலறையை அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"என்னைப் பார்த்துக்கங்கன்னு நான்தான் கேட்டேன், அவர் பார்க்கிறார்" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல, "அவரைப் பார்க்கச் சொல்லி உங்ககிட்ட யார் கேட்டாங்க?" என்றாள்.

நெட் சரியில்லை, டாக்டர்கள் திட்டுகிறார்கள், பக்கத்து லேபில் வைரஸ் என்று சொல்வதற்கு அக்காவிடம் எத்தனையோ இருந்தன. அந்தச் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அவற்றில் ஒன்றைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. காலையில் வேலைக்கு வாருங்கள், கேமரா சரியாகும்வரை உங்கள் மனைவிக்குத் துணைக்கு யாராவது வேண்டுமென்றால் நானே வந்து இருக்கிறேன் என்றாள். துணைக்கு ஆள் என்ற பேச்சை எடுத்ததும் மனைவி சிரித்துவிட்டாள். அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்பது அக்காவுக்கு உறைத்து, அவளும் சிரித்தாள்.

மறுநாள் நெட்வொர்க் பெண்ணை வரச் சொன்னாள். சாமியாரும் வந்திருந்தார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் யார் எங்கே போனார்கள் என்பதைத்தான் பார்த்திருக்கிறீர்கள், யார் எவ்வளவு இழுத்தார்கள் என்பதைப் பார்க்கவே இல்லையே என்றாள். அந்தக் கேமரா இழுத்தது ஒரு ஓரத்துச் சாரல். மழை வேறு இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானமானால் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் உள்ள படங்களையெல்லாம் வாரி எடுத்து வெளியே ஒரு சேமிப்பு இடத்துக்கு அனுப்புகிறது. வெளியே போகும் வழி முழுக்க அதுவே அடைத்துக்கொள்வதால், பேச்சும் தடுமாறுகிறது, வருகிற படமும் தேங்குகிறது.

எந்தக் கம்ப்யூட்டர் என்று அக்கா கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பியின் முகம் விழுந்துபோயிருந்தது.

பக்கத்து லேபுக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு, நம் படங்களுக்கு வெளியே ஒரு நகல் பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் செய்த ஏற்பாடு அது. எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில் ஓடி முடிந்துவிடும் என்று நினைத்தான். அப்போது முடிந்துகொண்டும் இருந்தது. பிறகு க்ளினிக்குகள் கூடின, படங்கள் பெருத்தன, அது சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி ஓடத் தொடங்கியதை அவன் கவனிக்கவே இல்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றாள் அக்கா.

"அவரை நிறுத்தினதும் நல்லதுக்குன்னு நினைச்சுத்தான்" என்றான் அவன். சாமியார் பக்கம் திரும்பாமலே.

சாமியார் தன் திரையில் இருந்த கடைவாய்ப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

அக்கா அந்தப் பெண்ணிடம் இந்தத் தடவை தானே பேசினாள். உள்ளே இருக்கிறவர்களை வேவு பார்க்காமல், வெளியே இருந்து வருகிற கெட்டதை மட்டும் தடுக்கிற மாதிரி முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றாள் அவள். வெள்ளைப் பெட்டியே போதும்; மோசமானவை என்று தெரிந்த முகவரிகளை அது உள்ளே விடாது. போன் பேச்சுக்கும் டாக்டர்களின் படத்துக்கும் முதலில் வழிவிடும், மற்றதெல்லாம் ஒதுங்கிப் பின்னால் வரும். வருகிற போகிற ஆட்களின் செல்போனுக்குத் தனி வழி போட்டுவிட்டால், அங்கே என்ன வந்தாலும் நோயாளிகளின் படங்கள் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்காது. லைன் அறுந்தால் சிம் கார்டு வழியாக ஓட்டலாம். கறுப்புப் பெட்டியிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் அதைக் கட்டி மேய்க்க ஒரு ஆள் வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், இத்தனை பேர் இருக்கும் ஆபீசுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை என்றாள்.

தம்பி ஒன்றே ஒன்று கேட்டான். யார் எங்கே போகிறார்கள் என்பது வேண்டாம். எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு இழுக்கிறது என்பது மட்டும் தெரியுமா? தெரியும் என்றாள். அப்படியானால் அதைச் சுவரில் ஒரு திரையில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள், என்னுடையதையும் சேர்த்து என்றான்.

வெள்ளைப் பெட்டி ஏறியது. படங்களை வெளியே அனுப்பும் வேலை, ஆபீஸ் பூட்டிய பிறகு ஓடும்படி மாற்றப்பட்டது. அன்று மத்தியானம், படுக்கப் போகிறது படுக்கப் போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு டாக்டர் கூப்பிட்டு, இரைச்சல் இல்லாமல் தெள்ளத் தெளிவாக, கேப்பின் நிறம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதே என்று திட்டினார். அக்காவுக்குக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

பிரித்துப் போட்ட கேமரா மட்டும் மறுபடி பிழைக்கவில்லை. தம்பி புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, அக்காவிடம்கூடச் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனான். அவன் முக்காலியில் ஏறி நிற்க, கீழே இருந்து அந்தப் பெண்மணி இன்னும் கொஞ்சம் இடது, இல்லை வலது, அலமாரி தெரியக் கூடாது, அடுப்பு தெரியணும் என்று அவனைப் பெண்டு நிமிர்த்திவிட்டாளாம். மாட்டி முடித்து, தன் போனில் பார்த்தபோது சமையலறையின் ஒரு மூலை படத்தில் விழவே இல்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலி கிடக்கும் மூலை. திருப்பி வைக்கப் போனவனை அவள் தடுத்துவிட்டாள்.

ஆபீசுக்கு வந்ததும் அக்காவின் மேஜை ஓரமாக நின்றுகொண்டு அதை அவளிடம் சொன்னான்.

"அங்க விழுந்தா தெரியாதேன்னு கேட்டேன்க்கா. 'அந்த இடம் எனக்கு மட்டும், அது அவருக்கும் தெரியும்'னு சொல்லிட்டாங்க. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

சரியாத்தான் விட்டிருக்கே என்று சொல்லிவிட்டு, அக்கா அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள். தம்பி சாமியாரின் மேஜைக்குப் போனான். புது கேமராவின் பாஸ்வேர்டு எழுதிய சீட்டை அவர் முன்னால் வைத்தான். சாமியார் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, உட்கார் என்பது போல அந்த நாற்காலியை அவன் பக்கம் லேசாகத் தள்ளினார்.