சிரிக்கிற காட்சியில் அழுதவள்

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் செந்தில்வேல். தென்காசியில் திரைப்பட வட்டம் ஒன்று நடத்துகிறார். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாங்கி, ஜன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டுவார். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் அங்கே லேசாகச் சாம்பார் மணக்கும்.

"படம் பாத்தவங்க என்ன நெனைக்காங்கன்னு நாலு பக்கம் எழுதித் தாங்க, வட்டத்து மலர்ல போடணும்" என்றார். கட்டுரைதான் கேட்டார். நானும் கட்டுரையாகத்தான் ஆரம்பித்தேன்:

"போரில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிய அசைவூட்டப் படங்கள் பார்வையாளர் மனதில் ஏற்படுத்தும் தாக்கம்—"

[இந்த வாக்கியத்தை முடிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. முடித்திருந்தால் நீங்கள் இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.]

2

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். கதையை மட்டும் சொல்கிறேன்.

ஒரு துறைமுக ஊர். ஒரு அக்கா, ஒரு தம்பி. அம்மா கிடையாது. அப்பாவை ஒருநாள் ராணுவ லாரி ஏற்றிக்கொண்டு போகிறது. அன்று சாயங்காலம் பிள்ளைகள் இரண்டும் ஊர் நடுவிலிருக்கும் நீரூற்றில் இறங்கி ஆட்டம் போடுகிறார்கள். அக்கா தண்ணீரை வாயில் அடக்கித் தம்பி முகத்தில் துப்புவாள். படத்தில் அந்தப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பது அங்கே மட்டும்தான். பிறகு விமானங்கள் வருகின்றன. பிறகு பசி. கடைசிக் காட்சியில் அக்கா இரண்டு கிண்ணங்களோடு கஞ்சி வரிசையில் நிற்கிறாள். கஞ்சி ஊற்றுகிற பெண், "உன் கூட யாரும் இல்லையே, இன்னொண்ணு யாருக்கு?" என்று கேட்கிறாள். தம்பி தூங்குகிறான் என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டையும் நீட்டுகிறாள். அப்பா கடைசி வரை வரவில்லை.

சுவரொட்டியில் பளபளவென்று வரைந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்து ஊரே இது கார்ட்டூன் என்று முடிவுகட்டிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். செந்தில்வேலும் வாயைத் திறக்கவில்லை. கூடம் நிறைந்தால் போதும் அவருக்கு.

விளக்கைப் போட்டபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பாண்டி அண்ணாச்சி கைகழுவும் குழாயடியில் நின்று முகத்தை அலம்பிக்கொண்டே இருந்தார். கேட்டால், கண்ணில் பூச்சி. கல்லூரியில் பாடம் நடத்தும் சமீனா சொன்னது: "வெளிய வந்ததும் என் தம்பிக்குப் போன் போட்டேன் சார். எடுத்து 'என்ன?'ன்னான். வச்சிட்டேன்." பெயர் சொல்லாத ஒரு தகப்பனார் மட்டும் கோபமாக இருந்தார். "கார்ட்டூன்னு ஏமாத்திட்டீங்க. இனி எம்புள்ள சோத்துல கை வைக்கும்போதெல்லாம் எனக்கு இதான் ஞாபகம் வரும்."

இவை போதும், நாலு பக்கம் ஓட்டிவிடலாம். கூடவே என் சொந்தச் சரக்காக ஒரு கருத்தும் வைத்திருந்தேன். நடிக்கிற குழந்தை செத்துப்போகும் காட்சி முடிந்ததும் எழுந்து பிஸ்கட் தின்னப் போய்விடும். அது நமக்கு உள்ளூரத் தெரியும். வரைந்த குழந்தைக்கு எழுந்து போக இடமில்லை, அது அங்கேயேதான் செத்துக் கிடக்க வேண்டும். அதனால்தான் வெறும் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் இவ்வளவு அழுகிறோம். இதை எழுதியபோது எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது உண்மை.

ஆனால் ஒருத்தி கணக்கில் அடங்கவில்லை. எல்லோரும் முடிவில் அழுதார்கள். அவள் நீரூற்றில் பிள்ளைகள் குளிக்கிற காட்சியில் அழுதாள். கூடமே சிரித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்வரிசையில், அம்மாவின் கையை இழுத்துத் தன் வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லோரும் அழுத முடிவில் அவள் அழவில்லை.

3

அவள் பெயர் ஸ்வாதி. நான்காம் வகுப்பு. எங்கள் தெருதான். அம்மா ஜெயசித்ரா பி.எஸ்ஸி. கணக்கு, வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். அப்பா உச்சிமாகாளி ராணுவத்தில், வடக்கே எல்லைப்பக்கம்.

இப்போது எழுத்தாளன் என்ன செய்வான்? காரணத்தைப் போய்க் கேட்க மாட்டான். வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்வான்.

முதல் தொடக்கம்: "வரப்போகும் துயரத்தை ஸ்வாதி முன்பே உணர்ந்தாள். குழந்தைகளுக்கு அந்த ஞானம்—"

[அடித்துவிட்டேன். கதைகளில் வரும் ஞானக் குழந்தைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இவள் பென்சில் காணோம் என்று தெருவே கேட்க அழுகிறவள்.]

இரண்டாம் தொடக்கம்: "ஸ்வாதிக்குத் தண்ணீர் என்றால் பயம்."

[குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்து, நடக்கப் பழகுமுன் ஐந்தருவியில் நின்ற பிள்ளைக்கா? வாசகர்கள் சிரிப்பார்கள்.]

மூன்றாவதாக ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல், ஜெயசித்ராவிடம் போய்க் கேட்டேன்.

4

நடந்தது இது. நான் சேர்த்தது ஒன்றும் இல்லை.

விடுமுறை முடிந்து உச்சிமாகாளி கிளம்பிய நாள். தென்காசி ஸ்டேஷனில் பொதிகை ரயில் நகர்ந்ததும் ஸ்வாதி பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பினாலும் எழவில்லை, வாட்டர் பாட்டிலைத் தூக்கி எறிந்தாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயசித்ராவுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்து, "வாட்டி, அருவிக்குப் போவோம்" என்று கூட்டிப் போய்விட்டாள். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. விளக்கு வெளிச்சத்தில் இருவரும் கட்டியிருந்த துணியோடு நின்றார்கள். தலையில் தண்ணீர் விழ விழ, பிள்ளையின் அழுகை சிரிப்பாக மாறியது. திரும்பும்போது இருவரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

ஈரத் தலையோடு வீட்டில் நுழைந்தபோது உச்சிமாகாளியின் அக்காள் உலகம்மை வாசலில் நின்றாள். அவள் கெட்டவள் இல்லை என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். தம்பியை வழியனுப்பிவிட்டு மனசு கேட்காமல் உட்கார்ந்திருந்தவள்.

"ஆளு ரயிலேறி ரெண்டு ஊரு தாண்டல, அதுக்குள்ள ஆத்தாளும் மகளும் தலைமுழுகிட்டு வந்து நிக்கியளா?"

அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் மறந்தும் போனாள்.*

* வெளியூர் வாசகர்களுக்கு: வீட்டு ஆள் பயணம் கிளம்பிய அன்று, மிச்சப் பேர் தலைக்குக் குளிக்க மாட்டார்கள், வீட்டைக் கழுவ மாட்டார்கள். அது இரண்டும் சாவு வீட்டில், பிணத்தை எடுத்துக்கொண்டு போனபின் செய்வது. பட்டாளத்து வீடுகளில் இதை இன்னும் கறாராகப் பார்ப்பார்கள். சாவு என்ற வார்த்தையை உலகம்மை சொல்லவில்லை. ஸ்வாதிதான் டியூஷனுக்கு வரும் பெரிய பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

உச்சிமாகாளி போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். மேலே ஏதோ உயரமான இடத்துக்கு அனுப்புகிறார்கள், டவர் கிடையாது, கொஞ்ச நாள் பேச முடியாது என்றான். பிறகு போன் வரவில்லை. டிவியில் எல்லைச் சண்டை ஓடுகிறது. ஜெயசித்ரா கேபிளைக் கழற்றி வைத்திருக்கிறாள். இந்த நிலைமையில்தான், பிள்ளை ஒரு மணி நேரம் எதையாவது மறந்து சிரிக்கட்டும் என்று, கார்ட்டூன் படத்துக்குக் கூட்டி வந்தாள்.

5

நான் ஜெயசித்ராவிடம் கேட்டதற்கு மறுநாள் சாயங்காலம் ஸ்வாதி தனியாக என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, நீங்க கதை எழுதுவியளாமே."

"எழுதுவேன்."

"நடந்தத மாத்தி எழுதலாமா?"

"எழுதலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்போ, அப்பா போன அன்னைக்கு நான் குளிக்கலன்னு எழுதுங்க."

ஏன் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"படத்துல அந்தப் பிள்ளைய ரெண்டும் அவுக அப்பா போன அன்னைக்கே குளிச்சுதுல்லா. அதான் அவுக அப்பா வரல. எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டு."

அது வேறு நாடு என்றேன். அங்கே இந்தச் சாஸ்திரமெல்லாம் கிடையாது, அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது என்று விளக்கினேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன்.

"தெரியாமக் குளிச்சா பரவாயில்லன்னா, அவுக அப்பா வந்திருக்கணும்லா" என்றாள். "எனக்கும்தான் அன்னைக்குத் தெரியாது."

அவள் போனபின் வரைந்த குழந்தையைப் பற்றிய கருத்தாழமுள்ள என் பத்தியை எடுத்துப் படித்தேன். அதில் ஒரு எழுத்துகூட அவளுக்கு உதவாது.

6

சரி, எழுதுவோம். எழுதுவதுதானே நம் வேலை.

"பொதிகை கிளம்பியது. ஸ்வாதி அழுதாள். அம்மா அவளை அருவிக்குக் கூட்டிப் போனாள். ஆனால் ஸ்வாதி குளிக்கவில்லை. படியில் உட்கார்ந்து மற்றவர்கள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நனையாமல் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். சில நாளில் அப்பாவிடமிருந்து—"

இங்கே நின்றுவிட்டேன். இப்படி எழுதிக் கொடுத்தால், 'ஆமாம் பிள்ளை, தப்பு தண்ணீரில்தான் இருக்கிறது, உன் அப்பா உயிர் உன் தலைமுடி ஈரத்தில்தான் இருந்தது' என்று நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கதையில் காய்ந்த தலையோடு உட்கார்ந்திருக்கிற ஸ்வாதி, நனைந்த ஸ்வாதியை ஆயுளுக்கும் முறைத்துக்கொண்டிருப்பாள்.

குளித்தாள் என்றே எழுதி, அப்பா வந்தார் என்று முடித்தால்? அவர் வருவார் என்று எனக்கு யார் சொன்னது? பொய்யாகிப்போனால் அந்தப் பிள்ளையின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இரண்டையும் கிழித்தேன். படம் எடுத்தவன் பாக்கியவான். அவன் வரைந்த பிள்ளை எதிர்த்த வீட்டில் குடியிருக்கவில்லை.

7

செந்தில்வேல் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

8

ஜெயசித்ராவே வந்தாள். நான் கதைப் பிரச்சினையை எல்லாம் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அவ கேட்டத அப்படியே எழுதிக் குடுத்திருங்க அண்ணாச்சி."

"நீ படிச்சவ. அதெல்லாம் ஒண்ணுமில்லட்டின்னு நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சே. நான் எழுதுறதவிட அதத்தானே நம்புவா."

"சொல்லத்தான் போனேன். வாயில வரமாட்டேங்கு." முந்தானையை விரலில் சுற்றினாள். "நானுந்தான குளிச்சேன். அவள இழுத்துட்டுப் போனதே நான்தான."

சுற்றிய முந்தானையை அவிழ்த்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "எழுதறது எழுதுதீங்க, ரெண்டு பேருமே குளிக்கலன்னு எழுதிருவியளா?"

நான் இதுவரை எழுதிய எதையும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. பாண்டி அண்ணாச்சி சொன்ன பூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9

ஆகையால், ஸ்வாதிக்கு நான் எழுதிக் கொடுத்தது கீழே இருப்பது. ஒரு பக்கம்தான்.

"உச்சிமாகாளி ரயிலேறிப் போன அன்று சாயங்காலம் ஸ்வாதி அருவியில் குளித்தாள். அவள் அம்மாவும் குளித்தாள். பக்கத்தில் சமீனா டீச்சர் நின்றார்கள். ஆண்கள் பக்கத்தில் பாண்டி தாத்தா, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, நான்தான் முதல் என்று இடித்துத் தள்ளினார். கட்டுரை கேட்கும் செந்தில்வேல் குளிருக்கு அலறினார். இதை எழுதுகிற நான் எண்ணெய் தேய்த்து, தலைக்கு நன்றாக முழுகினேன். இதை வாசிக்கிறவர்களும் வந்திருந்தார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து, வரிசையில் நின்று, ஒருத்தர் பாக்கியில்லாமல் குளித்தார்கள். அது குற்றம் என்றால் எல்லோரும் செய்தது. ஸ்வாதியின் பங்கு ஒரு கை தண்ணீர்கூட வராது."

உங்களைக் கேட்காமல் உங்களை நனைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். எனக்கு ஆள் போதவில்லை.

போன் வந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். இதை எழுதும்வரை வரவில்லை. வந்தபின் எழுதலாம் என்று காத்திருக்க முடியாது. அந்தப் பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை.

ஸ்வாதி அந்தத் தாளை எழுத்துக் கூட்டாமல் வேகமாகப் படித்தாள். பிறகு திரும்பவும் மெதுவாகப் படித்தாள். பாண்டி தாத்தாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, டீச்சரைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"வாசிக்கிறவங்கன்னு போட்டிருக்கே, அவுக யாரு மாமா?"

"எனக்குத் தெரியாதும்மா. நெறைய பேரு."

"அவுக நிசமாவே குளிச்சாவளா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் வீட்டு நாற்காலியில், தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.