முப்பத்தாறு நொடியில் ஒரு காலர்

ஆடைத் தயாரிப்புப் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், "எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடேன்" என்று கேட்காத ஆள் கிடையாது. நான்கு வருடத்தில் நான் உருப்படியாகத் தைத்து முடித்தவை பதினோரு உடுப்புகள். அதில் ஒன்றுக்கு இரண்டு கையும் இடது கை. கடைசி வருடம் எங்களுக்குத் தையலே கிடையாது. ஒரு சட்டையை அறுபது பேர் சேர்ந்து தைக்கும்போது ஒவ்வொருவருக்கும் எத்தனை நொடி ஆகிறது, எங்கே வேலை தேங்குகிறது, மணிக்கு எத்தனை சட்டை எதிர்பார்க்கலாம் என்பதுதான் பாடம். எதிர்பார்ப்பு என்பது பல்கலைக்கழகத்துச் சொல். தொழிற்சாலையில் அதற்கு டார்கெட் என்று பெயர்.

புராஜெக்டுக்கு என்னை அனுப்பிய தொழிற்சாலையில்தான் அண்ணி ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். மூன்றாவது லைன், காலர் பொருத்தும் சீட். நாங்கள் நாத்தனார், அண்ணி என்பதை அங்கே யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டோம். சொந்தக்காரி தயவில் மார்க் வாங்கினாள் என்று பேச்சு வரும் என்பது என் பயம். அவளுக்கும் அதே மாதிரி ஒரு பயம் இருந்தது.

வீட்டில் நாங்கள் கொஞ்சிக் குலாவும் ரகம் இல்லை. நான் கழுவி வைத்த பாத்திரத்தை அண்ணி என் கண்ணெதிரிலேயே இன்னொரு முறை கழுவுவாள். அவள் டிவி சத்தத்தைக் கூட்டினால் நான் அறைக் கதவை அறைந்து சாத்துவேன். ஆனால் என் ரெக்கார்ட் நோட்டில் துணி மாதிரிகளை வெட்டி ஒட்டுவதெல்லாம் அவள்தான். நான் ஒட்டினால் பசை துணியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருக்கும்.

அளக்கும் வேலை பார்வைக்குச் சுலபம். காலரைக் கையில் எடுக்கும்போது ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும், சட்டையை அடுத்த சீட்டுக்குத் தள்ளும்போது மறுபடி அமுக்க வேண்டும். பத்து சட்டைக்கு எடுத்துச் சராசரி போட வேண்டும். அதோடு முடிந்தால் நான்கு வருடப் படிப்பு எதற்கு? தாளின் ஓரத்தில் ரேட்டிங் என்று ஒரு கட்டம் இருக்கும். ஆள் இயல்பான வேகத்தில் தைத்தால் அதில் நூறு. விழுந்தடித்துத் தைத்தால் நூற்றிருபது, நூற்றுமுப்பது. இழுத்தடித்தால் எண்பது. அந்த எண்ணுக்குத் தக்கபடி நொடியைக் கூட்டியோ குறைத்தோ, களைப்புக்கென்று பதினைந்து சதவீதமும் சேர்த்துத்தான் டார்கெட் போடுவார்கள். ஸ்டாப்வாட்சுக்கு அது தெரியாது. நின்று பார்க்கிறவர் கண்ணால் பார்த்து, மனசாட்சிப்படி போட வேண்டும்.

லைனில் ஸ்டாப்வாட்சோடு வந்த என்னை எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்கள். பதினொரு மணிக்கு அண்ணியின் மெஷின் முன்னால் போய் நின்றேன். அவள் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தாள், கை மடிப்பை ஏற்றிவிட்டாள், ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு தையலை நான் பார்த்ததில்லை. காலர் கழுத்தில் உட்காருவதும் ஊசி சுற்றி வருவதும் நூல் அறுபடுவதும் ஒரே அசைவாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தைத்து, சட்டையைத் தள்ளிய பிறகுதான் விட்டாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பக்கத்து சீட்டுக் கண்ணாடிக்கார அக்கா திரும்பிப் பார்த்து, "என்னடி, பேய் புடிச்சிருக்கா?" என்றாள். அண்ணி அடுத்த காலரை எடுத்தாள். நாத்தனார் கண்ணெதிரில் சுமாராகத் தைப்பதற்கு அவளுக்கு மனசு வராது என்பது எனக்குத் தெரியும். அவள் கழுவி வைக்கும் பாத்திரங்களே அதற்குச் சாட்சி.

சராசரி முப்பத்தாறு நொடி. பேனா ரேட்டிங் கட்டத்தின் மேல் நின்றது. நூற்றுமுப்பது, சந்தேகமே இல்லை. ஆனால் தொழிற்சாலை இன்ஜினியர் என் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நூற்றுமுப்பது போட்டால் அண்ணிக்கு டார்கெட் லேசாகும். நாளைக்கு உறவு தெரியவந்தால், வீட்டு ஆளுக்காகப் போட்டேன் என்று ஆகும். நூறு என்று எழுதினேன். அன்று அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அது பச்சைப் பயம்.

"எவ்ளோ வந்துச்சு?" என்று வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணி கேட்டாள்.

"முப்பத்தாறு நொடி."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணனிடம் அதை மூன்று முறை சொன்னாள். "உன் புராஜெக்ட் புத்தகத்துல போடுவியாடி?" என்றாள்.

"போடுவேன் அண்ணி."

மூன்று வாரத்தில் மூன்றாவது லைனின் பலகையில் மணிக்கு அறுபத்தைந்து என்று இருந்தது எண்பத்தேழு ஆனது. காலர் அந்த வேகத்தில் வந்தால் மற்றவர்களும் அந்த வேகத்துக்கு ஓட வேண்டும். அண்ணி தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், போய் வந்தால் ஐந்து சட்டை பின்தங்கும். வீட்டுக்கு வந்ததும் வலது மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எந்தப் படிச்ச மூதேவி வந்து அளந்துச்சோ" என்று கண்ணாடிக்கார அக்கா தினமும் திட்டுவதாக அண்ணன் சொன்னான். அண்ணி அவனை அடக்கினாள்.

"அவளை ஏன் சொல்றீங்க? சின்னப் பொண்ணு. நான் வேகமா தைச்சேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் கூடவே உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

மறுநாள் இன்ஜினியரின் அறைக்குப் போனேன். அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தார். பரீட்சை முடிந்ததும் இங்கேயே டிரெய்னியாகச் சேர்ந்துவிடலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"சார், காலர் ஆபரேஷன்ல ரேட்டிங் தப்பாப் போட்டுட்டேன். நூத்தி முப்பது போட்டிருக்கணும். மணிக்கு அறுபத்தேழுதான் சார் வரும்."

"அன்னிக்கு நூறுன்னுதானே போட்ட?"

"பயந்துட்டேன் சார். அவங்க என் அண்ணி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணியா?" பழைய தாளை எடுத்துப் பார்த்தார். "அண்ணின்னு யாருக்கும் தெரியாதப்போ நூறு. இப்ப அண்ணிங்கிற, நூத்தி முப்பதுங்கிற. இதை நான் மேல யார்கிட்டம்மா காட்டுறது?"

உண்மையைச் சொல்லப் போய் அது பொய் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மனுஷன் மோசமில்லை. நாளைக்கு அவரே வந்து மறுபடி அளப்பதாகச் சொன்னார். நான் வாட்சைத் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் அண்ணியிடம், "நாளைக்கு மறுபடி அளக்கறாங்க. எப்பவும் தைக்கிற மாதிரி தைங்க. வேகமா வேணாம்" என்று மட்டும் சொன்னேன். ரேட்டிங்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் நூறையும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

வேகமாக வேண்டாம் என்றதை மெதுவாக என்று அண்ணி எடுத்துக்கொண்டாள். அதையும் முழுமூச்சாகச் செய்தாள். காலரை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இல்லாத பிசிறைக் கிள்ளினாள். பாதி வட்டத்தில் மெஷினை நிறுத்தி ஊசியை ஆராய்ந்தாள். நடிப்பு அவளுக்குக் கொஞ்சமும் வரவில்லை. பின் சீட்டில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து சட்டை முடிந்தது. அறுபது நொடி. இன்ஜினியர் என் பக்கம் குனிந்து, "இவங்க நடிக்கிறது சின்னக் குழந்தைக்கும் தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார். ரேட்டிங் கட்டத்தில் அறுபது என்று எழுதினார். அறுபது நொடியில் நூற்றுக்கு அறுபது பங்கு, முப்பத்தாறு. "பாத்தியா, உன் கணக்கு சரிதான்" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். பலகையை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி இதை அறியாமல் உற்சாகமாக வீட்டுக்கு வந்தாள். காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டே, "அறுபது வந்துச்சாமே! எப்ப மாத்துவாங்க பலகையை?" என்றாள்.

"மாத்த மாட்டாங்க அண்ணி."

"ஏன்?"

கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வேகமாகத் தைத்தால் எவ்வளவு, மெதுவாகத் தைத்தால் எவ்வளவு, அதை யார் போடுவது, எல்லாவற்றையும். அவள் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப வேகத்துக்குன்னே தனியா ஒரு கட்டம் இருக்கு."

"இருக்கு."

"முதல்ல அளந்தப்போ எனக்கு என்ன போட்ட?"

"நூறு."

"உனக்குத் தெரியாதுல்ல, நான் வேகமா தைக்கிறேன்னு." பதிலை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். இன்றுவரை நம்பியிருப்பாள்.

"தெரியும் அண்ணி. பாத்த உடனே தெரிஞ்சுது."

அண்ணி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். காலரை விரலால் நீவிவிட்டு அடுக்கின் மேல் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், கதவைச் சாத்தியிருப்பேன், மறுநாள் சரியாகியிருக்கும்.

சமையலறையிலிருந்து அண்ணன், "சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டான்.

"மேடம் முதல்ல சாப்பிடட்டும்" என்றாள் அண்ணி.

அண்ணன் சிரித்தான். அவள் முகத்தில் கேலி இல்லை. எழுந்து, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நான் போவதற்கு ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் நகரவில்லை, நான் போகட்டும் என்று காத்திருந்தாள். நான் போனேன்.