சுண்ணாம்புச் சாட்சி

விடிவதற்குள் பனியை உதிர்த்துவிட வேண்டும். நாற்பது கஜக் கயிற்றின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை நிக்கானோர். தேசிய மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புல்லோடு உரசி இழுத்துக்கொண்டே நடப்போம். நனைந்த கயிறு இரும்புச் சங்கிலிபோல் கனக்கும். முழங்கால்வரை ஈரம், இடுப்புவரை குளிர், அதற்கு மேலே வியர்வை. பனி நிற்கும் புல்லில் கோடு ஒட்டாது. கோடில்லாத புல்வெளியில் மாடு மேயலாம், பந்து ஆட முடியாது.

கயிறு முடிந்தால் நூல் கட்ட வேண்டும். அதன் பிறகு கோடு போடும் வண்டி. பதினேழு வருடம் எவரிஸ்தோவின் கையில் இருந்த வண்டி அது. அவன் தள்ளினால் சக்கரம் முனகக்கூட முனகாது. மூன்று வாரமாக என் கையில் இருக்கிறது.

"என்ன அண்ணே, கோடு குடிச்சுட்டு நடக்குது?" சலவைக் கொட்டகை வாசலிலிருந்து தொமித்திலா கத்தினாள். தேசிய அணியின் சட்டைகளைத் துவைக்கிறவள். சவுக்காரத் தண்ணீர் அவள் கையில் மட்டுமில்லை, நாக்கிலும் உண்டு. "எவரிஸ்தோ இதப் பாத்தா..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். எவரிஸ்தோவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஜன்னல் இருக்கும் பக்கம் மட்டும் வெளிச்சமாய்த் தெரிகிறதாம்.

நூலைச் சரிசெய்வதுபோல் நான் குனிந்துகொண்டேன்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தொன்பது வயதில். துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. வீட்டில் படித்துப் பழக வேறு புத்தகம் இல்லாததால், கருவி அறையில் கிடந்த கால்பந்து சம்மேளனத்தின் விதிமுறைப் புத்தகத்தையே அரிச்சுவடியாக வைத்துக்கொண்டேன். கோட்டின் அகலம் எவ்வளவு, யார் யாருக்கு ஆடலாம், நடுவரை அனுப்புவது யார், எல்லாம் அதில் இருந்தது. முன்பக்கத்தில் வரலாறு. அதே துறைமுக மன்றத்தின் மாடியில், வாழைத்தார் ஏற்றுகிறவர்களும் ரயில் பட்டறைக்காரர்களும் உப்பளத்துக்காரர்களும் கூடி உண்டாக்கிய சம்மேளனம். பாரந்தூக்கி ஓட்டிய ஒருவர்தான் முதல் செயலாளர். 'இணைந்த மன்றங்களே இதன் உரிமையாளர்கள். மன்றத்துக்கு ஒரு வாக்கு' என்பது முதல் விதி. பிறகு ராணுவத்துக்காரர்கள் தலைவர்களானார்கள், பிறகு வக்கீல்கள். உலக சம்மேளனத்தின் உதவி வந்தது, தொலைக்காட்சி வந்தது, துறைமுக மாடியிலிருந்து மைதானத்தை ஒட்டிய இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு அலுவலகம் வந்தது. விதிமுறைப் புத்தகம் மட்டும் பக்கம் பக்கமாய்த் தடித்ததே தவிர, முதல் விதியை நீக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் எதையாவது எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தால் கொட்டகையில் "டாக்டர் வந்துட்டாருடோய்" என்று கைதட்டுவார்கள். அதனாலேயே வாய்க்குள் படிக்கப் பழகியிருந்தேன்.

சுண்ணாம்பு மூட்டையில் இருந்த எழுத்தையும் வாய்க்குள்தான் படித்தேன்.

பழைய மூட்டைகளில் இருந்தது ஏற்கெனவே நீற்றிய சுண்ணாம்புப் பொடி, தண்ணீர் பட்டாலும் கொதிக்காது. பீப்பாயில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, உடைந்த மூலைக்கொடிக் கம்பால் கலக்குவோம். கட்டி கரைந்துவிட்டதா என்று எவரிஸ்தோ கண்ணால் பார்ப்பதில்லை. பீப்பாயின் வாயில் காதை வைத்துக் கேட்பான். "கொதிக்காத கஞ்சி மாதிரி சத்தம் வரணும்டா" என்பான். போன மாதம் புதிய மூட்டைகள் வந்தன, அதே வெள்ளை, அதே எடை. பக்கவாட்டில் சின்ன எழுத்து: 'சுட்ட சுண்ணாம்பு. நீர் பட்டால் கொதிக்கும். கண்ணைக் காக்கவும்.' கட்டட வேலைக்கான சரக்கு. மூன்று முறை படித்தேன். அன்று நிரந்தர வேலைக்கான பட்டியல் செயலாளர் மேசையில் இருப்பதாகப் பேச்சு. இப்போது போய் மூட்டையைப் பற்றி எதற்கு வாயைத் திறப்பது என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் விடியலில் எவரிஸ்தோ புதிய மூட்டையைப் பிரித்துக் கொட்டி, தண்ணீரை ஊற்றிவிட்டுக் காதை வைத்தான்.

அவன் அலறியதை எழுத எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்துப் பொதுச்செயலாளர் ஹெர்மினியோ என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் முதல் அணியின் படம், வெறுங்கால்களோடு பதினோரு துறைமுகத்தார்.

"ஒக்காரு ருத்திலியோ. பத்தொன்பது வருஷமா தினக்கூலி. எனக்கே வெக்கமா இருக்கு."

"உங்களுக்கு எதுக்குய்யா வெக்கம்."

"இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. பாதுகாப்புக் கண்ணாடி குடுத்தாங்க, எவரிஸ்தோ போடல. நீ பக்கத்துல இருந்த. அவ்வளவுதான்."

"கண்ணாடின்னு ஒண்ண நாங்க பாத்ததே இல்லீங்களே."

"நீ பாக்கல. ஸ்டோர்ல இருந்துச்சு. நீ பாக்காததுக்கு சம்மேளனம் என்ன பண்ணும்?"

"மூட்டைய மாத்தினது..."

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "இது வெளிய போனா உலக சம்மேளனத்து உதவி நின்னுடும். பொண்ணுங்களுக்குன்னு முதல் தடவையா பயிற்சி மையம் கட்டறோம். நாப்பது பொண்ணுங்க காத்திருக்காங்க. ஒருத்தன் கண்ணுக்காக அதக் கெடுக்கணும்ங்கறியா?"

மேசையில், நான் கையெழுத்துப் போட வேண்டிய சாட்சிக் காகிதத்துக்குப் பக்கத்தில், ஒரு நீல ஜாக்கெட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நிரந்தரப் பணியாளர் போடும் ஜாக்கெட், மார்பில் சம்மேளன முத்திரை.

பெருவிரல் வைக்கிறவனாக இருந்திருந்தால், என்ன எழுதியிருந்ததென்று தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் முழுவதையும் படித்தேன். படித்துவிட்டு, வகுப்பில் கற்ற வளைந்த எழுத்தில், பெயரை முழுசாக எழுதினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் எவரிஸ்தோ ஆளனுப்பினான். மைதானத்தின் கிழக்குக் கேலரிக்கு அடியில் எங்களுக்கு வரிசையாக அறைகள். அவன் மனைவி காசில்தா வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஓர் உறையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சம்மேளனத்துலேர்ந்து வந்திருக்கு. டாக்டர் நீதான் படிக்கணும்."

பிரித்தேன். மூன்றாவது வரியில் என் பெயர். உடன் பணிபுரிந்த திரு. ருத்திலியோ மெஹியா அளித்த சாட்சியத்தின்படி, விபத்து தங்களது சொந்த அலட்சியத்தால் நேர்ந்தது. ஆகவே சிகிச்சைக்குச் சம்மேளனம் பொறுப்பல்ல. பணி முடிக்கப்படுகிறது. திங்கட்கிழமைக்குள் அறையைக் காலி செய்யவும்.

"உடன் பணிபுரிந்த... ஒருவர் அளித்த சாட்சியத்தின்படி," என்று படித்தேன்.

"ஒருவரா? பேரு?"

"போடல."

"கோல் அடிச்சவன் பேரெல்லாம் எழுதி வெக்கிறானுங்க. இதுல பேரு போடலியா?" காதை என் பக்கம் சாய்த்தான். "நீ ஏன்டா இப்பிடி மூச்சு வாங்கற?"

"காலைல கயிறு இழுத்தது."

"காசில்தா, இவனுக்கு ரெண்டு வாழைக்காய் குடு. நான் இல்லாம எல்லா வேலையும் இவன் தலையில விழுது."

தின்றேன். அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சலவைக் கொட்டகைக்குப் போனேன். வேலையில் இருந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன்.

தொமித்திலா என் ஜாக்கெட்டை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் தச்சிருக்காங்க. பட்டனுக்கு அவன் கண்ணு ரெண்டயும் வெச்சாங்களா?"

"துரோகிப் பய. இவனோட நான் இனிமே கயிறு பிடிக்க மாட்டேன்," என்றான் நிக்கானோர்.

"துரோகிதான். யாரு இல்லன்னா? ஆனா அந்தக் கையெழுத்த அழிக்கறதுக்கு அதே கைதான் வேணும். இவன அடிச்சுத் தொரத்திட்டா ஹெர்மினியோவுக்குத்தான் லாபம்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் புத்தகத்த எந்நேரமும் மேஞ்சியே, அதுல நமக்குன்னு ஒண்ணுமே இல்லியா?"

இருந்தது. களப்பணியாளர்களான எங்களுக்கு, புல்தரையைச் சமன்செய்யும் உருளையின் பெயரில், 'உருளை' என்றொரு அணி உண்டு. மூன்றாம் பிரிவில் கடைசி இடம். ஆனாலும் இணைந்த மன்றம். ஒன்பதாவது விதி: இணைந்த எந்த மன்றமும் மகாசபையில் விசாரணை கேட்கலாம், கேட்டால், அதை முடிக்காமல் சபை கலையக் கூடாது. மகாசபை மறுநாள், சனிக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு அண்டை நாட்டுக்காரன் வர்றான்," என்றான் நிக்கானோர் மெதுவாக. "எவரிஸ்தோவ ஒக்கார வெச்சுக் கேக்கற வரைக்கும் கோடு கெடையாது. நான் கயிறையும் தொட மாட்டேன், புல்லையும் வெட்ட மாட்டேன்."

"சட்டையும் துவைக்க மாட்டேன். அழுக்கோட ஆடட்டும்," என்றாள் தொமித்திலா. எட்டுக் கைகளும் உயர்ந்தன. நான் தூக்கவில்லை. என் கையை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

"நீ மொதல்ல அவன்கிட்ட போ," என்றாள் அவள். "அவன்கிட்ட சொல்லாம சபையில சொன்னா அது வெறும் நாடகம்."

போனேன். கடிதத்தில் இருந்த பெயர் என்னுடையது என்றேன். எவரிஸ்தோவின் முகம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தள்ளி நின்றது.

"மறுபடி படி. பேரோட."

படித்தேன். முடித்ததும் மூட்டையைப் பற்றியும் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. கொட்டகையிலும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த காப்பிக் குவளையை வீசினான். அது என்னைவிட்டு வெகுதூரம் தள்ளிச் சுவரில் பட்டது. பதினைந்து வருடம் எங்கள் அணிக்குக் கோல் காத்தவன், ஒரு கையெறி தவறாதவன். என் மேல் பட்டிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்காத," என்றான். "என்னால இப்ப முடியாது. நாளைக்கு வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ. எனக்குப் படி ஏறத் தெரியல."

மறுநாள் எவரிஸ்தோவைக் கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மகாசபை. மன்றத்துக்கு ஒரு பிரதிநிதி. பயிற்சி மையத்தின் படங்கள் திரையில் ஓடி முடிந்தபோது தொமித்திலா எழுந்தாள்.

"உருளை மன்றம். ஒம்போதாவது விதிப்படி விசாரணை கேக்கறோம்."

ஹெர்மினியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உருளையா? போன வருஷம் எத்தன கோல் வாங்கினீங்க?"

சிரிப்பு எழுந்தது.

"நாப்பத்தாறு. ஒண்ணு விடாம நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்க. அந்தப் பதிவேட்டுலதான் எங்க ஓட்டும் இருக்கு. பொரட்டிப் பாருங்க."

இப்போது ஹெர்மினியோவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் எழுதிக் கொண்டுபோயிருந்ததைப் படித்தேன். மூட்டையில் படித்தது, சொல்லாமல் விட்டது, இல்லாத கண்ணாடிக்குச் சாட்சி சொன்னது, அதற்காக வாங்கியது. ஜாக்கெட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"பொய்ச் சாட்சி சொன்னேன்னு நீயே ஒத்துக்கற," என்றார் ஹெர்மினியோ. "உள்ள போவ, தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

"அன்னைக்குச் சொன்னது பொய்னா, இன்னைக்குச் சொல்றது நெசம்னு எவன் நம்புவான்?"

நியாயமான கேள்வி அது. நானே என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரயில் பட்டறை மன்றத்தின் பிரதிநிதி எழுந்தார். கனத்த உடம்பு, கையிடுக்குகளில் எண்ணெய்க் கறுப்பு. "இவன நம்ப வேண்டாம் செயலாளரே. ஸ்டோர்ல கண்ணாடி இருக்குன்னீங்களாம். கீழதான ஸ்டோர்? எல்லாருமா போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"சாவி வெச்சிருக்கறவர் லீவு."

"பூட்டு எந்தக் கம்பெனி? எங்க பட்டறையில எட்டுப் பேர் பூட்டு வேலைதான் பாக்கறோம்."

சபையே சிரித்தது. ஹெர்மினியோ காகிதங்களை அடுக்கினார். "கூட்டம் முடிஞ்சது. ஞாயித்துக்கிழமைக் கோட்ட வெளியாள வெச்சுப் போட்டுக்கறேன். திங்கக்கிழமை அறை காலியாகணும்." ஒலிபெருக்கி நின்றது. குளிர்காற்று இயந்திரமும் நின்றது. அவரோடு சிலர் வெளியேறினார்கள்.

"விசாரணை முடியல," என்றார் பட்டறைக்காரர், உட்கார்ந்தபடியே. "முடியாம சபை கலையாது. நான் படிச்ச புத்தகத்துல அப்பிடித்தான் இருக்கு."

வெக்கை ஏறிக்கொண்டே வந்தது. யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள். எவரிஸ்தோ என் முழங்கையைப் பிடித்தபடி நின்றிருந்தான். அந்தப் பிடியில் நட்பு இல்லை, தேவை மட்டும்தான் இருந்தது.

"யாரு யாரு இருக்காங்க? சொல்லு."

"ரயில் பட்டறை இருக்கு. துறைமுகம் இருக்கு. உப்பளம் இருக்கு, காலர விரிச்சு விட்டுக்கிட்டு விசிறிக்கறாங்க. வாத்தியார் மன்றம் இருக்கு. சாராய ஆலை லாரிக்காரங்க..."

"தலைநகர்ப் பெரிய மன்றங்க?"

இருக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவன் மனம் குளிரும் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"போயிட்டாங்க. முன் வரிசை பூரா காலி. ஒம்போது நாற்காலி. கடைசி வரிசையில ரெண்டு பேர் எழுந்து நிக்கறாங்க, போறாங்களா இருக்காங்களான்னு தெரியல."

எவரிஸ்தோ முன் வரிசை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"காலியா இருக்கறதச் சொன்ன பாரு," என்றான். "அப்ப மிச்சம் சொன்னதயும் நம்பலாம்."

பின்னாலிருந்து நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒக்காந்துட்டாங்க," என்றான்.

ஆமாம், அந்த இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.